காசு கொடுத்து வாங்கும் காற்று

மாதவரத்தில் குடியிருப்பவனுக்குக் காற்றைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்பது என் அபிப்பிராயம். மற்ற ஊர்களில் காற்று அடிக்கும், அல்லது அடிக்காது; அவ்வளவுதான் விஷயம். எங்கள் பேட்டைக் காற்றுக்கு மட்டும் விலாசம் உண்டு. கீழ்க்காற்று வீசினால் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வீட்டுக்குள்ளேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஜி.என்.டி. சாலைப் பக்கமிருந்து வந்தால் டீசல் புகையும் லாரி டயரின் சூடும் சேர்ந்து வரும். எப்போதாவது ஒரு விடியற்காலையில் பால்பண்ணைத் திசையிலிருந்து காய்ச்சிய பாலின் மணம் லேசாக மிதந்து வருவதும் உண்டு. அன்றைக்கு எங்கள் தெருவாசிகள் எல்லாரும் வழக்கத்தைவிடச் சற்று நல்லவர்களாக இருப்பார்கள்.

இது தமாஷ் இல்லை. 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதற்கும் இரண்டரை வருஷம் முன்னால், 2021 மே மாதத்தில், துர்காபூரிலிருந்து சுமார் 80 டன் திரவப் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டின் முதல் ஆக்சிஜன் ரயில் எங்களுக்கு அடுத்த தண்டையார்பேட்டையில்தான் வந்து நின்றது. பிராணவாயு என்பது ரயிலேறி வருகிற சரக்கு என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, "தொண்ணூற்று நாலு காட்டுது, பயப்படணுமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் நெஞ்சுக்குள் புகுந்த பயம் இன்னும் முழுக்க வெளியேறவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே, "சுத்தமான பிராணவாயு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த வழவழப்பான துண்டுப் பிரசுரம் ஒன்று பத்திரிகைக்குள் மடிந்து எங்கள் பக்கம் வந்தால், அதைக் கசக்கி எறிகிறவர்கள் குறைவு. என் அக்காள் எறியவில்லை. பத்திரமாக அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்து, நான் போனபோது எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் தம்பி, காத்துப் பெட்டிக்குள்ள ஒரு மணி நேரம் படுத்து எழுந்தா ஆறாத புண்ணெல்லாம் ஆறிடுமாம். நீ நாலும் படிக்கிறவன். நெசந்தானா?"

கதை எழுதுகிறவனிடம் வைத்தியம் கேட்பது நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். டாக்டரிடம் போய்க் கதை கேட்பதைவிட அது மலிவு அல்லவா?

பிரசுரத்தைப் படித்தேன். களைப்பு, தூக்கமின்மை, முகச்சுருக்கம், ஞாபக மறதி, பக்கவாதம், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் கோளாறு, விளையாட்டு வீரர்களின் தசைப்பிடிப்பு, ஆறாத புண் என்று போய்க்கொண்டே இருந்தது பட்டியல். திருவிழாக் கடைகளில் தைலம் விற்பவன் கூட இடையில் மூச்சு வாங்கிக்கொள்வான். கடைசி வரியில், 40 தடவைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்றிருந்தது. அக்காளின் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

அக்காள் கணவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினைந்து வருஷமாகிறது. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். கண் மங்கிய பிறகு ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்கு ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை. தெருக்கோடியில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அக்காள் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

நெசமா என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டேன். பாதி நெசம் என்பதுதான் பதில். ஆனால் முழுப் பொய்யைவிட இந்தப் பாதி நெசம் மனிதனை அதிகத் தொல்லைக்கு உள்ளாக்குகிறது.

1662-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஹென்ஷா என்ற பாதிரியார் காற்றுப் புகாத ஓர் அறையைக் கட்டி, பெரிய துருத்திகளால் அதற்குள் காற்றை அடைத்து, அதில் உட்கார்ந்தால் நன்றாக ஜீரணமாகும், சுவாசம் சீராகும் என்று சொன்னார். பிராணவாயு என்று ஒன்று இருப்பதைப் பிரீஸ்ட்லி கண்டறிந்தது 1774-ல். அதாவது, மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு 112 வருஷம் முன்பாகவே விளம்பரம் வந்துவிட்டது! உடம்பைத் தேற்றும் காற்றுப் பெட்டி என்ற யோசனை அவ்வளவு பழசு.

1928-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் கன்னிங்ஹாம் என்ற டாக்டர் இன்னும் பெரிதாகச் செய்தார். உருக்கினால் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு பந்து, அதற்குள் படுக்கையறைகள், முழுவதும் அழுத்தமேற்றிய காற்று. நீரிழிவுக்காரர்களையும் புற்றுநோய்க்காரர்களையும் அதற்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். தம்முடைய சிறுநீரக வியாதி இவருடைய வைத்தியத்தில் தீர்ந்துவிட்டது என்று நம்பிய ஒரு தனவந்தர் பணம் கொடுத்தார். அமெரிக்க வைத்தியச் சங்கம் ஆதாரம் கேட்டது. ஆதாரம் மட்டும் வரவில்லை. 1942-ல், யுத்த காலத்தில், அந்தப் பந்தைப் பிரித்துப் பழைய இரும்பாக எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் படுத்திருந்து குணமாகாமல் போனவர்கள் கொடுத்த பணத்தைப் பற்றி எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தைத் தெரிந்துகொள்ள நான் தூத்துக்குடியை நினைத்துக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகப் போயிருந்தபோது, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனாலும் சங்கு எடுப்பது நிற்கவில்லை. வங்காளத்துச் சுமங்கலிகளின் கைக்கு வளையல் வேண்டுமே! முன்பு மூச்சடக்கி இறங்கினார்கள். பிறகு படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு அடியிலேயே மணிக்கணக்காக நிற்க ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான். அந்த மனிதருக்கு நாற்பது வயதுகூட இராது. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

"மேல வந்த பொறவு மூட்டுல நோவு வரும் சார். கை கால் மரத்துப் போகும். அப்பம் திரும்பவும் தண்ணிக்குள்ள எறங்கிருவோம். கொஞ்ச நேரத்துல விட்டுரும். எல்லாருக்கும் விட்டுராது" என்றார்.

எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! இதைப் புரிந்துகொள்ள ராயபுரத்துக் கோலி சோடா போதும். அழுத்தத்தில் வாயு தண்ணீரோடு கரைந்து ஒன்றும் தெரியாமல் கிடக்கிறது. கட்டைவிரலால் கோலியை அமுக்கியதும் புஸ்ஸென்று பொங்குகிறது. ஆழ்கடலில் அழுத்தத்தில் சுவாசிக்கிறவனுடைய ரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் அப்படித்தான் கரைகிறது. மெதுவாக ஏறி வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால் உடம்பே சோடா பாட்டிலாகிவிடும். குமிழிகள் மூட்டில் தங்கினால் வலி, முதுகுத்தண்டில் தங்கினால் கால் விழுந்துவிடும். பிரான்ஸில் பால் பேர் என்ற விஞ்ஞானி 1878-ல் இதை நிரூபித்தார். ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் நின்று நின்று ஏறவேண்டும் என்று 1908-ல் அட்டவணையே போட்டுக் கொடுத்தார். வந்துவிட்ட வியாதிக்கு வைத்தியம், அவனை மறுபடியும் அழுத்தத்துக்குள் கொண்டுபோய்க் குமிழிகளைக் கரைத்து, பிராணவாயுவைச் சுவாசிக்கவைத்து, மெல்ல மெல்ல வெளியே கொண்டுவருவது. அதற்குத்தான் அந்த இரும்பு அறை. திரேஸ்புரத்து மனிதர் கடலையே அறையாக வைத்துக்கொண்டிருந்தார், ஆபத்தான அறை.

கடலில் இறங்காதவனுக்கும் இந்த வியாதி வரும். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றுக்கு அடியில் பெட்டியைக் கவிழ்த்து, அழுத்தக் காற்றை நிரப்பி, அதற்குள் ஆட்களை இறக்கி மண்ணைத் தோண்ட வைத்தார்கள். தலைமை எஞ்சினியர் ரோப்ளிங் 1872-ல் அதிலேயே விழுந்தார். பாலம் 1883-ல் திறக்கிற வரையில் அவர் படுக்கையிலிருந்து சொல்ல, அவருடைய மனைவி எமிலி வேலைத்தலத்துக்குப் போய் நடத்திவைத்தாள். (அந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு நாவலே எழுதலாம்.) எங்கள் மாதவரம் பால்பண்ணையில் 2022 அக்டோபரில் மெட்ரோ ரயில் சுரங்கத்துக்காக 'நீலகிரி' என்ற ராட்சத இயந்திரத்தை இறக்கினார்களே, அந்த ஜாதி இயந்திரங்களிலும் ஒரு சிறிய அழுத்த அறை இருக்கும். முன்பக்கத்துக் கத்திகளைப் பார்க்கவேண்டி வந்தால் ஆட்கள் அதன் வழியாக அழுத்தக் காற்றுக்குள் போய், நிதானமாகத் திரும்பவேண்டும்.

சரி, கடலும் சுரங்கமும் கிடக்கட்டும். புண்ணுக்கு என்ன சம்பந்தம்? இதற்கு எங்கள் ஊர் லாரிகளையே உதாரணமாகச் சொல்லிவிடலாம். ரத்தத்தின் சிவப்பணுக்கள்தான் லாரிகள், பிராணவாயு சரக்கு. நல்ல நுரையீரல் உள்ளவனுக்கு லாரிகள் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 97 பங்கு நிரம்பித்தான் புறப்படுகின்றன. மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் அழுத்தத்தை மூன்று மடங்காக்கிச் சுத்தப் பிராணவாயுவைக் கொடுத்தால், அது லாரியை நம்பாமல் ரத்தத்தின் நீரிலேயே கரைந்துவிடுகிறது. சாதாரணமாக நூறு மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லிதான், அந்த அழுத்தத்தில் 6 மில்லி அளவுக்கு ஏறிவிடும். உடம்பு சும்மா கிடக்கும்போது அதற்குத் தேவையானதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஹாலந்தில் போரேமா என்ற டாக்டர் 1960-ல் பன்றிக்குட்டிகளின் ரத்தத்தை அநேகமாக முழுவதும் எடுத்துவிட்டு, வேறு திரவத்தை ஏற்றி, மூன்று மடங்கு அழுத்தத்தில் உயிரோடு வைத்திருந்தார். லாரியே இல்லாமல் சரக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

ஆகவே ரத்தம் போகாத, பிராணவாயுவுக்குத் தவிக்கிற திசுவுக்கு இது நியாயமான வைத்தியம்தான். கரிப்புகை நச்சு, தசையை அழுகச் செய்யும் வாயுக்கிருமி, புற்றுநோய்க்குக் கதிர் வைத்து எலும்பு நைந்துபோனவர்கள், திடீரென்று காது கேளாமற் போனவர்கள் என்று பதினான்கு பதினைந்து காரியங்களுக்கு டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். நீரிழிவுக்காரர்களின் சில கால் புண்களும் அதில் சேர்த்தி. அங்கேகூடச் சாட்சிகள் ஒரே மாதிரி பேசவில்லை. ஸ்வீடனில் 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், பிராணவாயு கொடுத்தவர்களில் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 52 பேருக்குப் புண் ஆறியது. வெறும் காற்றுக் கொடுத்தவர்களில் 29 பேருக்கு. கனடாவில் 2016-லும் ஹாலந்தில் 2018-லும் செய்து பார்த்தபோது அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முகச்சுருக்கமும் களைப்பும் ஞாபக மறதியும் அந்தப் பதினைந்தில் எங்கும் இல்லை. பிள்ளைகளின் மூளைக் கோளாற்றுக்கு இது நிரூபணமான வைத்தியம் அல்ல என்று அமெரிக்க அரசாங்கத்து மருந்து இலாகா 2013-லேயே ஜனங்களை எச்சரித்தது.

பிரசுரத்தில் இருந்த விலாசத்துக்குப் போனோம். நகரத்தின் தென்பக்கம், பெயர் வேண்டாம். அக்காளின் மகன் ஆட்டோ பிடித்தான். அவனுக்கு ஒரே உற்சாகம். "மாமா, ஃபாரின்ல கிரிக்கெட் ப்ளேயர் எல்லாம் இதுல படுக்கிறாங்க" என்றான். உள்ளே குளிர்ச்சி, ஊதுவத்தி மணம், சிரித்த முகத்தோடு ஒரு பெண். இரும்பு அறையை எதிர்பார்த்துப் போன எனக்கு, தரையில் கிடந்த நீல நிறப் பையைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம். ஆள் படுக்கிற நீளம். ஜிப் வைத்து மூடுகிறார்கள். மோட்டார் காற்றை நிரப்புகிறது.

"அழுத்தம் எவ்வளவு அம்மா?" என்று கேட்டேன்.

"ஒன் பாயிண்ட் த்ரீ சார். ரொம்ப சேஃப்."

சேஃப்தான். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். 1.3 மடங்கு அழுத்தம் என்றால் கிணற்றில் பத்தடி முங்கியது மாதிரி. காற்றில் பிராணவாயு 21 பங்கு. அதை 1.3-ஆல் பெருக்கினால் 27 சொச்சம். எந்த ஆஸ்பத்திரியிலும் மூக்கில் ஒரு குழாயைச் சொருகி இதைவிட அதிகமாகக் கொடுத்துவிடலாம். உள்ளே ஒரு குழாயில் பிராணவாயுவும் தருவோம் என்றாள் அந்தப் பெண். தரட்டும்; அப்போதும் இது போரேமாவின் மூன்று மடங்குக்குப் பக்கத்தில்கூட வராது.

"டாக்டர் இருக்கிறாரா?"

"ஆன்லைன்ல பேசுவார் சார்."

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் நாங்கள் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் பணம் கட்டும் முறையைப் பற்றி மூன்று விதமாக எடுத்துச் சொன்னார்களே தவிர, அக்காள் கணவரின் காலில் இருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. புண் எந்தக் காலில் என்றுகூடக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிஜமான அறைகளில் சுத்தப் பிராணவாயுவை நெருக்கி அடைக்கும்போது, அது நெருப்புக்கும் பிரியமான உணவாகிவிடுகிறது. 1997-ல் மிலான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படிப்பட்ட அறை தீப்பிடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், தனியார் நிலையத்தின் அறைக்குள் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் தீயில் மாண்டான். நைலான் சட்டை கூடாது, எண்ணெய் தடவிய தலை கூடாது, செல்போன் கூடாது என்று ஒழுங்கான ஆஸ்பத்திரிகளில் அவ்வளவு கண்டிப்பாக இருப்பது இதனால்தான். காது வலி, வலிப்பு, கொஞ்ச நாளைக்குக் கிட்டப்பார்வை என்று மற்றத் தொல்லைகளும் உண்டு. மருந்து என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஒன்றுமே செய்யாதது மருந்தாகவும் இராது என்று என் பாட்டி சொல்லுவாள்.

திரும்பும் வழியில் ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். வடசென்னைக்காரனுக்கு ராயபுரம் என்றால் சர்க்கரை வைத்தியம் ஞாபகம் வருவது இயற்கை. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்ததும், 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரி வைத்ததும் இந்த வட்டாரத்தில்தான். நாங்கள் பார்த்த டாக்டர் வேறொருவர். சிறிய அறை, பழைய மின்விசிறி. அவர் முதலில் செய்த காரியம் கீழே குனிந்து கட்டை அவிழ்த்தது. பிறகு மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகக் குத்தி, "தெரியுதா? இங்கே?" என்று கேட்டார். அக்காள் கணவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "குத்தும்போது சொல்லுங்க சார்" என்றார். டாக்டர் அதற்குள் ஏழெட்டு இடத்தில் குத்தி முடித்திருந்தார்.

புறங்காலில் விரலை வைத்து நாடி பார்த்தார். இன்னொரு கருவியாலும் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, எலும்புக்குக் கேடு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு சொன்னார்: "ரத்தம் நல்லாவே இறங்குது. இவருக்குக் குறை காத்து இல்லை சார், வலிதான். வலிச்சிருந்தா இந்தக் காலை ஊன்றியே இருக்க மாட்டார். ராத்திரியெல்லாம் ஊன்றி நடக்கிறார். நான் எந்த மருந்தைப் போட்டாலும் மறுநாள் அதை அவரே மிதிச்சு அழிச்சிடுறார்."

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தது இதேதான். சதை தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அவர்களே தெரியாமல் கையையும் காலையும் தேய்த்து அழித்துக்கொள்கிறார்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார். வலியை ஒரு வரமென்று எண்ணியவர் அவர்.

காற்றுப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் அதை இகழவில்லை. "ரத்தம் குறைஞ்சு, எலும்பு வரைக்கும் போன புண்ணா இருந்தா, நானே நல்ல இடத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். இவருக்கு மாவுக்கட்டு போதும். எட்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது" என்றார்.

படியிறங்கும்போது அக்காள் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மச்சான், அந்தப் பையே தேவலாம். காலையிலே ஒரு மணி நேரம் போய்ப் படுத்துட்டு, ராத்திரி டூட்டிக்குப் போயிடலாம். இவர் சும்மா உக்காரச் சொல்றாரே! உக்காந்தா வீட்டுலே உலை வைக்கிறது யாரு?"

அப்போதுதான் அந்தத் துண்டுப் பிரசுரத்தின் சாமர்த்தியம் எனக்கு முழுக்க விளங்கிற்று. அது பணம் மட்டுமே கேட்கிறது. பணத்தைக் கடன் வாங்கலாம். டாக்டர் கேட்பதோ எட்டு வாரத்து ஓய்வு. கைக்கும் வாய்க்குமாக வாழ்கிறவனுக்கு அதை எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள்? களைப்புக்கு மருந்து என்று காற்றை விற்கிறவர்களிடம் கூட்டம் சேர்வதற்கும் இதுதான் காரணமாக இருக்கவேண்டும். அந்தக் குளிர்ந்த அறையில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் வியாதிக்காரர்களாகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையமும் கையில் போனுமாக, தூங்கப் போதுமான நேரம் கிடைக்காத இளம்பிள்ளைகளாக இருந்தார்கள். ஜிப் போட்ட பைக்குள் ஒரு மணி நேரம் யாரும் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே மூவாயிரம் ரூபாய் கொடுக்கலாம் என்று ஒருவனுக்குத் தோன்றினால் நான் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிராணவாயுவின் பெயரில் அதை விற்கவேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

வீட்டில் அன்றிரவு பெரிய வாக்குவாதம். மருமகன் பையின் கட்சி. அவன் அப்பாவும் பையின் கட்சி. அக்காள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசியில், "சங்கிலி எப்படியும் போகத்தானே போகுது? அந்தப் பணத்துலே ரெண்டு மாசம் சாப்பிடலாம். நீங்க உக்காருங்க" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அவர் உட்கார்ந்தார். ஒரு மெக்கானிக்கை உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு மாதமும் அக்காளுக்குத்தான் தெரியும். திண்ணையில் ஸ்டூலின் மேல் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, போகிற லாரிகளின் சத்தத்தை வைத்தே எதற்கு கியர் பெட்டி கெட்டிருக்கிறது, எதற்கு சைலன்ஸர் ஓட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை ராயபுரம் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். நாலாவது வாரத்தில் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் எழுந்து கிடங்கு வரையில் நடந்துபோய் வந்து, அக்காளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். புண் பதினோராவது வாரத்தில் மூடியது.

கிடங்கில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது மூலக்கடைப் பக்கம் ஒரு டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறார், சம்பளம் குறைவு. உள்ளங்காலைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரவில் படுக்கப் போகுமுன் அக்காள் அதைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.